ஸ்பானிஷ் மேசையில் டெல் கோல்டர்மன்

டெல் கோல்டர்மன் டிராக்டர் விற்கிற மனிதர். நெப்ராஸ்காவின் நட்டநடுவில், நாலாயிரம் பேர் இருக்கிற எங்கள் ஊரில், இருபத்தாறு வருஷமாக விற்கிறார். டிராக்டர் வாங்க வந்தவர் டிராக்டரோடு போவார். வழி கேட்க வந்தவர் புல்வெட்டும் இயந்திரத்தோடு போவார். அப்படி ஒரு வாய். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் முடிந்ததும் வாசலில் டெல்லின் பிரசங்கம் ஆரம்பிக்கும். அதற்குத்தான் கூட்டம் அதிகம் என்று போதகரே ஒருமுறை பொருமினார். கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சூறாவளியில் யார் வீட்டுக் கூரை பறந்தாலும் முதலில் ஏணியோடு வந்து நிற்பவர் அவர்தான். வந்து நின்று பேசுவார், அதுதான் கஷ்டம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், பிரிட்டா. பதினெட்டு வயது. அவளிடம் ஐந்து நிமிஷம் இருந்தால், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றும். ஊமை இல்லை, திக்குவாய் இல்லை, திமிரும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற பெண்தான். ஆனால் அந்தப் பதில் மனசிலிருந்து கிளம்பி வாய்க்கு வந்து சேர்வதற்குள் டெல் அதைச் சொல்லி முடித்திருப்பார்.

"எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்பார்.

"வயித்துல டாக்டர், நேத்து சாயங்காலத்துலருந்து." இது டெல்.

"பள்ளிக்கூடமெல்லாம் எப்படிப் போகுது பிரிட்டா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்.

"அமோகமாப் போகுது!" இதுவும் டெல்.

பாசம்தான், வேறென்ன. பிள்ளை வார்த்தைக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருக்கு மனசு வராது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளையின் பிழைப்பையும் சேர்த்து அப்பாவின் வாயே பார்த்துக்கொண்டது.

பேச்சில்தான் அப்படி. காகிதத்தில் அவள் புலி. பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷம் ஸ்பானிஷ் படித்தாள், எழுத்துத் தேர்வில் சுற்றுவட்டாரத்துக்கே முதல் மதிப்பெண். எங்கள் ஊரில் இறைச்சி பதப்படுத்தும் ஆலை இருப்பதால் ஸ்பானிஷ் எங்களுக்கு வெறும் பாடப்புத்தக மொழி இல்லை; பால் வாங்குகிற வரிசையில் முன்னாலும் பின்னாலும் கேட்கிற மொழி. கல்லூரியில் என்ன படிக்கப் போகிறாய் என்று அம்மா ஜனெல் கேட்டபோது, பிரிட்டா ஒரு சீட்டு எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். 'ஸ்பானிஷ், அரபி. இரண்டும் பேசுகிற அளவுக்கு.' 'பேசுகிற' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

எங்கே படிப்பது என்பதில் டெல்லுக்குச் சந்தேகமே இல்லை. லிங்கனில் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் இலையுதிர்காலச் சனிக்கிழமை என்றால் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போகிற நாள். கல்யாணத்தைக்கூட அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் வைப்பார்கள். பிரிட்டாவுக்கு ஆறு வயதானதிலிருந்து டெல் அவளையும் கூட்டிக்கொண்டு போகிறார். இரண்டு இருக்கை, பக்கத்தில் பக்கத்தில். ஊருக்குச் சொல்லாத ரகசியம் ஒன்று அவரிடம் இருந்தது. அந்த மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேர் கத்தும்போது பிரிட்டாவும் கத்துவாள். தொண்டை நரம்பு புடைக்க, எழுந்து நின்று, நடுவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாள். மகளின் முழுக் குரலை டெல் கேட்டது அங்கே மட்டும்தான். ஆட்டத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகள் உண்டு.

பிப்ரவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அன்று மாலையே டெல் போய் இரண்டு சிவப்பு மேல்சட்டை வாங்கினார், 'பல்கலைக்கழகத்து அப்பா' என்று போட்ட ஸ்டிக்கரைத் தன் பிக்கப் வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டினார். எங்கள் பக்கத்து அப்பாக்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. பிள்ளை சரி என்று சொல்வதற்கு முன்னால் வண்டி சொல்லிவிடும். ஊரே வாழ்த்தியது. பிரிட்டா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொல்லக் கடைசி நாள் மே ஒன்று.

மார்ச்சில் இன்னொரு உறை வந்தது. பக்கத்து மாநிலமான ஐயோவாவின் கிழக்குப் பகுதியில் ஆஸ்ட்ராண்டர் கல்லூரி என்று ஒன்று. கலையும் மொழியும் அறிவியலும் கலந்து சொல்லிக்கொடுக்கிற சின்னக் கல்லூரி. பிரிட்டா அதற்கும் விண்ணப்பித்திருந்தது ஜனெல்லுக்கு மட்டும்தான் தெரியும். உதவித்தொகை தருகிறார்களாம், செலவு லிங்கனுக்கு ஆகிற அளவுதான் ஆகும். கூடவே டாலிவர் என்ற பேராசிரியர் கையால் எழுதிய இரண்டு பக்கக் கடிதம், முழுக்க ஸ்பானிஷில். அதை அவள் எத்தனை தரம் படித்தாளோ, மடிப்பு கிழிய ஆரம்பித்திருந்தது.

சாப்பாட்டு மேசையில் விஷயம் வெளியே வந்தது.

"மொத்தம் எத்தனை பேரு படிக்கிறாங்க?" என்றார் டெல்.

"ஆயிரத்து நூறு," என்றாள் ஜனெல்.

"ஆயிரத்து நூறா! நம்ம ஸ்டேடியத்துல கக்கூஸ் வரிசையில அத்தனை பேரு நிப்பாங்களே! ஃபுட்பால் டீமாவது இருக்கா?"

"இருக்கு. போன வருஷம் ஒரு ஆட்டம் ஜெயிச்சாங்களாம்."

"ஏன், எதிர் டீம் வரலியா?"

ஜனெல் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். வாய் திறந்திருக்கிற ஆட்களைச் சமாளித்துப் பழக்கம். "வெள்ளிக்கிழமை வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க. எனக்கு லீவு கெடைக்காது, நீ கூட்டிட்டுப் போ. ஒரே ஒரு உபகாரம் பண்ணு டெல். போன எடத்துல வாயை மூடிட்டு இரு."

"நான் எங்க பேசறேன்?" என்றார் டெல்.

பிரிட்டாவுக்குச் சிரிப்பு வந்து பால் புரையேறிவிட்டது.

வியாழக்கிழமை கிளம்பினார்கள். ஆறு மணி நேரப் பயணம். டெல் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்: ஆறு மணி நேரம் என் வண்டியில், என் வாய்க்குப் பக்கத்தில், கடினமான விவசாயியே மூன்று மணி நேரத்தில் மசிவான், என் மகள் எம்மாத்திரம்? டெ மாயின் நகரம் தாண்டுவதற்குள் லிங்கனின் பெருமை முழுவதும் சொல்லியாயிற்று. கடைசியாக அவருக்கு மிகவும் பிடித்த காரணத்தை எடுத்தார்.

"உன் சுபாவத்துக்குப் பெரிய எடந்தான் கண்ணு நல்லது. வகுப்புல முப்பது பேரு, நாப்பது பேரு இருப்பாங்க. கடைசி வரிசையில போய் உக்காந்துக்கோ. ஒருத்தரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

மனசார, அன்போடுதான் சொன்னார். பிரிட்டா ஜன்னலுக்கு வெளியே இன்னும் விதைக்காத வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கல்லூரியில் பிரிட்டாவை டாலிவரின் ஸ்பானிஷ் வகுப்புக்குள் அனுப்பிவிட்டார்கள். டெல்லுக்குச் சுற்றிக்காட்ட ஹேசல் என்ற மாணவி வந்தாள். பின்பக்கமாக நடந்துகொண்டே விருந்தாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவள் வேலை. நூலகம் வருவதற்குள் ஹேசலின் குடும்ப வரலாறு முழுவதும் டெல்லிடம் வந்துவிட்டது. அறிவியல் கட்டடம் வருவதற்குள் அவளுடைய மாமாவுக்கு ஒரு டிராக்டர் ஏறக்குறைய விற்பனையாகிவிட்டது. பாவம் அந்தப் பெண், தான் காட்ட வந்த கல்லூரியைப் பற்றி நான்கு வாக்கியம்கூடச் சொல்ல முடியவில்லை. அவளும் ஸ்பானிஷ் படிக்கிறவள் என்பதுகூடக் கடைசியில்தான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது பிரிட்டா வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

"எப்படி இருந்துச்சு?"

தோளைக் குலுக்கினாள்.

"எத்தனை பேரு?"

ஐந்து விரலைக் காட்டினாள்.

"அஞ்சே பேரா! அடப்பாவமே, ஒளியறதுக்குக்கூட எடம் இல்லையே!" என்றார் டெல். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம். காரியம் தானாகவே முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு ஹேசல் அவர்களை உணவுக்கூடத்தின் மூலையிலிருந்த வட்ட மேசைக்குக் கூட்டிப் போனாள். அதற்கு ஸ்பானிஷ் மேசை என்று பேர். பக்கத்தில் ஜப்பானிய மேசை, அதற்கடுத்து அரபி மேசை.

"உக்கார்றதுக்கு முன்னாடி சட்டத்தைச் சொல்லிடறேன்," என்றாள் ஹேசல். "இந்த மேசையில இங்கிலீஷ் கெடையாது. யாராவது இங்கிலீஷ்ல வாயைத் தெறந்தா, எல்லாரோட தட்டையும் அவங்கதான் கொண்டுபோய்க் கழுவற ஜன்னல்ல வைக்கணும். விருந்தாளிக்கும் அதே சட்டம்."

"எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் ரெண்டே வார்த்தை. 'நன்றி', அப்புறம் 'பீர்'."

"அதை வச்சு நிறையப் பேரு பொழச்சிருக்காங்க," என்று ஹேசல் அவரை உட்காரவைத்தாள்.

டாலிவர் வந்தார். ஆறரை அடி உயரம், சிவந்த தாடி, உழவன் மாதிரி கை. பிரிட்டாவுக்கும் டெல்லுக்கும் ஸ்பானிஷில் வணக்கம் சொன்னார். டெல் தலையை ஆட்டினார். மாணவர்கள் பேசினார்கள், சிரித்தார்கள். டெல் தலையை ஆட்டினார். நான்கு நிமிஷம் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நம்புகிறேன், ஏனென்றால் ஐந்தாவது நிமிஷம் என்ன நடந்தது என்று தெரியும்.

அன்று சாப்பாடு பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பு. எங்கள் பக்கத்தில் சில்லி என்றால் கூடவே இலவங்கப்பட்டைத் தூளும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிய ரோல் இருந்தே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் போட்டார்கள், அப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தோம். டெல் கிண்ணத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பக்கத்துத் தட்டையும் எட்டிப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, இதுக்கு ரோல் எங்க?"

மேசையே கைதட்டி ஆரவாரித்தது. நுணலும் தன் வாயால் கெடும். எட்டுப் பேர் தட்டு, எட்டுக் கிண்ணம், எட்டுக் கோப்பை, எல்லாம் டெல்லின் தலையில்.

அதற்காகச் சோர்ந்துபோகிற ஆளா அவர்? "சரி, தட்டு எப்படியும் எனக்குத்தான். இனிமே நஷ்டம் என்ன? முழுசாப் பேசிடறேன்," என்று நாற்காலியை டாலிவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனிதருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அதனால் ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க, காது மந்தமானவரிடம் பேசுவது போலக் கேட்டார்: "முதல்... வருஷ... வகுப்புல... எத்தனை... பேரு?"

டாலிவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஸ்பானிஷில் பதில் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று டெல் மகள் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் பிரிட்டாவைப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில்தான் டெல் அவளுக்காகப் பதில் சொல்வார். இப்போது சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக, அவளுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. வாய் பாதி திறந்தபடி காத்திருந்தார்.

"எட்டுப் பேருக்கு மேல சேர்க்கறதில்லையாம்," என்றாள் பிரிட்டா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"லிங்கன்ல இருபது மொழி சொல்லித் தர்றாங்க. இங்க எத்தனைன்னு கேளு."

அவள் கேட்டாள். வார்த்தை ஒன்று தடுக்கியது. நின்று, யோசித்து, அவளே திருத்திக்கொண்டாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஆறுதானாம். ஆனா மூணாவது வருஷம் எல்லாரையும் அந்த மொழி பேசற ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். அங்க ஒரு குடும்பத்தோட தங்கணும். இங்கிலீஷ் தெரியாத வீடாப் பாத்துத்தான் தேடுவாங்களாம்."

"படிச்சு முடிச்சா என்ன வேலை கெடைக்கும்?"

அதையும் கேட்டாள். டாலிவர் விரல் விட்டுச் சொன்னார். பிரிட்டா நடுவில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அப்பாவை நேராகப் பார்த்தே சொன்னாள்: "போன வருஷம் நாலு பேரு முடிச்சாங்களாம். ஒருத்தர் கோர்ட்ல மொழிபெயர்க்கிறாரு, ஒருத்தர் ஆஸ்பத்திரியில. ஒருத்தங்க டீச்சரு. நாலாவது ஆளு பீட்ஸா கடையில இருக்காராம்."

பீட்ஸா கடையை அவள் விழுங்கியிருந்தால் டெல்லுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. தன் கேஸுக்கு எதிரான சாட்சியைத் தானே சொல்கிறாளே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் விட மனசில்லை. மனசில் கிடந்த உண்மையான கேள்வியைக் கேட்டேவிட்டார்.

"இவ வீட்டுலயே பேச மாட்டா. அஞ்சு பேரு, எட்டுப் பேருக்கு நடுவுல உக்கார வச்சா எப்படித் தாங்குவா? அதைக் கேளு அவருகிட்ட."

பிரிட்டாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்க வேண்டும். என் மகள் பேச மாட்டாள் என்று அப்பா சொல்கிறார், இங்கே எப்படித் தாங்குவாள் என்று கேட்கிறார். மெதுவாக, ஒரு சொல்லும் குறையாமல் ஸ்பானிஷில் சொன்னாள். டாலிவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே வரியில் பதில் சொன்னார். மாணவர்கள் சிரித்தார்கள், பிரிட்டாவும் சிரித்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லப்பா."

"சொல்லு கண்ணு."

"'அப்ப இருபது நிமிஷமா இங்க பேசிட்டிருக்கறது யாரு?'ன்னு கேக்கறாரு."

டெல்லின் முகத்தில் ஈயாடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிஷம் இல்லை, இருபத்தைந்து. எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். மூன்று நடை நடந்து எல்லாவற்றையும் கழுவுகிற ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார். அங்கே நின்றவர்களிடம்கூட ஒன்றும் பேசவில்லை.

வண்டிவரை டாலிவர் வழியனுப்ப வந்தார். பின்கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் நின்றார். அப்போதுதான் அவர் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்தது, தெற்கத்தி இழுவையோடு: "அடடே, நெப்ராஸ்கா சிவப்பா? நான் ஓக்லஹோமாக்காரன் சார். எங்கப்பா இருந்திருந்தா என்னை உங்களோட ஒரே மேசையில உக்கார விட்டிருக்க மாட்டாரு."

ஓக்லஹோமா என்று சொன்னால் எங்கள் ஊரில் நாய்கூடக் குரைக்கும். ஃபுட்பால் பகை, பழைய பகை. டெல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்பானிஷ் பேசினப்ப எவ்வளவு நல்ல மனுஷனாத் தெரிஞ்சீங்க!" என்றார். இருவரும் வண்டிமேல் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. ஐம்பது மைல் டெல் வாயைத் திறக்கவில்லை. ரேடியோவும் போடவில்லை. பிரிட்டாதான் ஆரம்பித்தாள்.

"அப்பா, காலையில வகுப்புல அவரு என்னை ஒரு கேள்வி கேட்டாரு. எனக்குப் பதில் தெரியும், வாய்க்குத்தான் வரல. அஞ்சு பேரும் காத்திருந்தாங்க. யாரும் எனக்காகச் சொல்லல, யாரும் வேற பக்கம் திரும்பல. முழுசா ஒரு நிமிஷம். செத்துடலாம் போல இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் வந்துடுச்சு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பேசினாள். "நான் வேலை பாக்கற மருந்துக் கடைக்கு கிரசியேலான்னு ஒரு அம்மா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. தேவாலய வாசலில் அவர் நடித்தே காட்டிய கதை அது. மருந்துக்கடைக்காரர் போனில் இருந்தார், அந்தப் பெண் குழந்தையின் காய்ச்சல் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள், பிரிட்டா கல்லாய் நின்றாள். டெல்தான் பாய்ந்துபோய் மூன்று விரலைக் காட்டி, சூரியன், உச்சிவெயில், நிலா என்று கையால் அபிநயம் பிடித்துக் காரியத்தை முடித்தார். கடையே சிரித்தது. கதை கேட்ட ஊரும் சிரித்தது.

"அன்னைக்கு என் வாயில வாக்கியம் ரெடியா இருந்துச்சுப்பா. 'சாப்பாட்டுக்கு அப்புறம், எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா.' நீ முந்திட்ட." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "அவங்க வெறும் வயித்துல குடுத்திருக்காங்க. பாப்பா ராத்திரி பூரா வாந்தி. மறுநாள் வந்து சொன்னாங்க."

டெல்லுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டி தானாக ஓடியது. "ஏன் கண்ணு என்கிட்ட சொல்லல?"

"எப்பப்பா சொல்றது?"

டெல் யோசித்துப் பார்த்தார். அவள் சொல்வதற்கு ஏற்ற ஒரு இடைவெளி, ஒரே ஒரு இடைவெளி, அந்த வீட்டில் எப்போது இருந்தது என்று அவருக்கு நினைவு வரவில்லை. மகளின் வாயைத் தானே பூட்டிவிட்டு, அவளுக்குக் கடைசி வரிசைதான் லாயக்கு என்று வேறு சொல்லிக்கொண்டு வந்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப அங்கதான் போறியா?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியலப்பா. பயமா இருக்கு. கடைசி வரிசையும் நல்லாத்தான் இருக்கும். அப்புறம்... சனிக்கிழமையெல்லாம் நீ தனியாப் போகணும்."

இருபத்தாறு வருஷ வியாபாரி. வாடிக்கையாளர் எந்த நொடியில் ஊசலாடுகிறார், எந்த ஒரு வார்த்தையைப் போட்டால் நம் பக்கம் சாய்வார் என்று அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அந்த நொடி இதுதான். வார்த்தையும் நாக்கு நுனியில் இருந்தது: 'நீ இல்லாம அந்த சீட்ல நான் எப்படி உக்காருவேன்?' உண்மையும்கூட. சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு லிங்கனுக்குப் போயிருப்பாள். டெல் அதை விழுங்கினார். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குவது போலத்தான் இருந்தது.

ஐந்தரை மணிக்கு மிசௌரி ஆற்றைத் தாண்டி ஒரு சாலையோர உணவகத்தில் சாப்பிட நிறுத்தினார்கள். வாண்டா என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பரிமாறுகிற அம்மா காபியை ஊற்றிவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"உனக்கு என்ன வேணும் செல்லம்?"

டெல் வாயைத் திறந்தார். பொரித்த மாட்டிறைச்சி ஸ்டேக் ரெண்டு, வெள்ளை கிரேவி நிறைய: வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாயை மூடினார். காபியைக் குடித்தார், சுட்டது. பிரிட்டா பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு அப்பாக்களே சொல்லிப் பார்த்த பழக்கத்தில் வாண்டா டெல்லைப் பார்த்தாள்.

"அவளே சொல்லுவா," என்றார்.

காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? பத்து நொடிதான் இருக்கும். டெல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பிரசவ அறை வாசலில்கூட அவர் இந்தப் பாடு படவில்லை.

"சீஸ் வச்சு வாட்டின ரொட்டி, தக்காளி சூப்," என்றாள் பிரிட்டா. "கிரேவி எதுலயும் வேண்டாம். எனக்குக் கிரேவி பிடிக்காது."

"பிடிக்காதா!" என்று டெல் அலறிவிட்டார். "எப்பலருந்து?"

"எப்பவுமே."

"எனக்கும்தான் பிடிக்காது," என்று வாண்டா எழுதிக்கொண்டாள். "எங்கருந்து வர்றீங்க?"

டெல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோவாவுலருந்து. காலேஜ் பாக்கப் போனோம்."

"பிடிச்சுதா?"

இந்த முறை பத்து நொடிக்கு மேலேயே ஆயிற்று. பிரிட்டா பட்டியலை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"பிடிச்சிருக்கு. அங்கதான் சேரப்போறேன். ஸ்பானிஷும் அரபியும் படிக்க." பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள்.

"பாரேன்!" என்று வாண்டா டெல் பக்கம் திரும்பினாள். "அப்பா என்ன சொல்றீங்க?"

டெல்லுக்குச் சொல்ல என்னென்னவோ இருந்தது. ஒன்றும் வாய்க்கு வந்து சேரவில்லை. வாண்டா காத்திருந்தாள். பிரிட்டா அப்பாவைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அவருக்குச் சந்தோஷந்தான்," என்றாள். "கஷ்டமாவும் இருக்கு. ஆனா சந்தோஷந்தான்."

டெல் தலையை ஆட்டினார். அவரே வாயைத் திறந்து சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.